கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தாயா

பிப்ரவரி 4

தங்கச்சிக்கு அண்ணன் சொல்லி எழுதுவது.

காது ஒன்றைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. உனக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாப்பிள்ளைக்கு இடது கை கொஞ்சமாவது அசைகிறதா? சாப்பாடு தொண்டையில் இறங்குகிறதா?

எழுதுவது வழக்கமான ஜெராக்ஸ் கடைப் பெண்தான். உன் கடிதத்தை வாசிப்பதும் அவள்தான். என் காதுக்காகக் கத்தி வாசிக்கிறாள். உன் வீட்டு விஷயம் எதிரே பஞ்சர் கடைக்காரனுக்கும் சேர்த்துத்தான் வந்து சேர்கிறது. பார்த்து எழுது.

பார்சலில் கண்ணாடி இருக்கிறது. ஆறு அங்குலம், மாப்பிள்ளை கேட்ட அளவு. போன மழையில் நீ எழுதியிருந்தாய்: டாக்டர் இனி மாதக் கணக்குதான் என்கிறார், இவர் ஒன்றே ஒன்று கேட்கிறார், டெலஸ்கோப்புக்குக் குழாய் செய்து வைத்திருக்கிறார், கண்ணாடி உங்கள் கையால்தான் வேண்டுமாம், படுத்த இடத்திலிருந்து ஜன்னல் வழியாக ஒரு தடவை நிலாவைப் பார்க்க வேண்டுமாம் என்று. உங்கள் கையால் என்ற இடத்தை இந்தப் பெண்ணைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தேன். "போதும் தாத்தா, தொண்டை கட்டிக்கும்" என்றாள்.

என் அறைக்குக் கீழே அச்சகம் ஓடுகிறது. இங்கே விளக்கும் பிளேடும் வைத்துச் சோதித்தால் கண்ணாடியில் தெரிகிற நிழல் நடுங்கும். அதனால் பார்க்காமல்தான் அனுப்புகிறேன். கை சொல்கிறது, சரியாக வந்திருக்கிறது. விளக்கு போட்டுப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று எழுது. உன் வார்த்தையில் வேண்டாம். அவர் வார்த்தையில்.

இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணன்


பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் இருவரும் இருக்கிறபடி இருக்கிறோம். உங்கள் உடம்பு சுகம் என்று கேட்டுச் சந்தோஷம். காதுக்கு எண்ணெய் எதுவும் விடாதீர்கள்.

இவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். உங்கள் கடிதத்தை ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்ட வேண்டும், நான் எழுதுவதையும் வாசித்துக் காட்ட வேண்டும். அப்புறம்தான் தபாலில் போட விடுகிறார்.

கண்ணாடி பத்திரமாக வந்தது. கூடத்தின் ஒரு கோடியில் கண்ணாடியைப் பிடிக்கும் இவருடைய ஸ்டாண்ட், மறு கோடியில் பிளேடு பொருத்திய விளக்குப் பெட்டி, நடுவில் சுவரோரமாகக் கட்டில். படுக்கையில் விழுவதற்கு முந்திய வாரம் கட்டிய ஸ்டாண்ட். இரண்டு பக்கத் திருகுக்கும் தலையில் அரக்கு வைத்திருக்கிறார், யாரும் தொடக் கூடாது. கண்ணாடியை மேலேயிருந்து கொஞ்சம் அழுத்தி இறக்கினால் கிச்சென்று உட்கார்ந்துகொள்கிறது.

பிளேடுக்குப் பின்னால் கண்ணை வைத்து நான் பார்த்தேன், இவர் கட்டிலிலிருந்து கேட்டார்.

"என்ன தெரியுது?"

"நிழல் நேரா வரலங்க. சாஞ்சு வருது."

"எந்தப் பக்கம்?"

"வலது மேல் பக்கம்."

"திரும்பி வர்ற வெளிச்சப் புள்ளி?"

"வட்டமா இல்ல. முட்டை மாதிரி இருக்கு."

"அப்ப கண்ணாடி கோணல்" என்றார். அவர் வார்த்தையில் எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன். போனில் பிடித்த படத்தை அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

தங்கை


மார்ச் 2

தங்கச்சிக்கு அண்ணன் சொல்லி எழுதுவது.

நான் நலம்தான். நல்ல சேதி கேட்டால் இன்னும் நலமாக இருப்பேன். மாப்பிள்ளைக்குப் படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்.

படத்தைப் பார்த்தேன். கோணல் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாரே, அது எங்கேயிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டாமா? கண்ணாடியைக் கையில் எடுத்தவுடன் பார்த்தாயா? கைச் சூட்டில் கண்ணாடி உப்பும். வைத்துவிட்டுச் சோறு வடித்து முடித்து வந்து பார். மின்விசிறி ஓடினால் காற்று புகை மாதிரி நெளியும், அதை நிறுத்து. பிளேடு விளிம்பில் தூசி இருந்தால் கோடு விழும், துடை. போன் தன் வில்லையின் கோணலையும் படத்தில் சேர்க்கும், அதனால் படத்தை நம்பாதே, கண்ணை நம்பு.

இதெல்லாம் செய்தும் நிழல் சாய்ந்தால், கண்ணாடியின் பின்பக்கம் நான் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருக்கிறேன், அது மேலே இருக்கிறபடி ஒரு தடவை பார். பிறகு கண்ணாடியைத் தூக்கிக் கால் சுற்று திருப்பி வைத்துப் பார். கோணலும் கூடவே திரும்பினால் குற்றம் கண்ணாடியில், அதாவது என் கையில். கண்ணாடி திரும்பியும் கோணல் அதே இடத்தில் நின்றால் குற்றம் பிடித்திருக்கும் ஸ்டாண்டில். ஆனால் அது மாப்பிள்ளை கட்டிய ஸ்டாண்ட் ஆயிற்றே. அவர் பொருளில் குறை என்றால் வானம் இடிந்து விழுந்துவிடாதா! பட்டறையில் செக்கராக உட்கார்ந்து ஊரில் இருக்கிற வில்லைக்கெல்லாம் குறை கண்டுபிடித்தவர், தன் திருகுக்கு அரக்கு வைத்துப் பூட்டியிருக்கிறார். இதையும் ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டு.

அண்ணன்


மார்ச் 13

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். இவருக்கு இரண்டு நாளாகச் சளி.

நீங்கள் சொன்னதெல்லாம் செய்தேன். ஆற வைத்தேன். பிளேடு துடைத்தேன். விசிறியை நிறுத்தினேன், இவருக்கு வேர்த்துக் கொட்டியது, முகத்தைத் துடைத்துவிட்டு வந்து பார்த்தேன். கண்ணாடியைத் திருப்பியும் பார்த்தேன். கோணல் கூடவே திரும்புகிறது.

கண்ணாடியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எந்தப் பக்கம் அழுத்தித் தேய்க்க வேண்டும் என்று இவர் சொல்லச் சொல்லப் படம் வரைந்து வைத்திருக்கிறேன்.

முடிந்தால் நீங்களே ஒரு நடை வாருங்கள் அண்ணா. ஒரு நாள் வேலைதான்.

தங்கை


ஏப்ரல் 6

தங்கச்சிக்கு அண்ணன் சொல்லி எழுதுவது.

எனக்கு மூச்சு வாங்குவதைத் தவிர வேறொன்றும் இல்லை. மாப்பிள்ளையின் சளி விட்டதா?

என் குற்றம் என்றால் என் குற்றம்தான். நீ சின்ன வயதிலிருந்தே உள்ளதைச் சொல்கிறவள். மாங்காய் திருடினது யார் என்று அப்பா கேட்டபோது என்னைக் கைகாட்டியவள். அதனால் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்து, படத்தில் உள்ள பக்கம் பார்த்து அழுத்தித் தேய்த்தேன். பார்சலில் வருகிறது.

இந்தப் பெண்ணுக்குச் சந்தேகம்: "பாக்கவே இல்ல, எப்படி தாத்தா தேய்க்கிறீங்க?" பார்ப்பது செக்கர் வேலை, தேய்ப்பது என் வேலை என்றேன். மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் அப்படித்தான் மாப்பிள்ளையும் நானும் இருந்தோம். நல்ல பையன் என்று நானே கூட்டி வந்து உனக்குக் கட்டி வைத்தேன்.

வாருங்கள் என்கிறாய். எப்படி வருவது? நீ அந்த நாளை மறந்திருக்கலாம். ஒரு திங்கட்கிழமை, வெளியே தூறல், முதலாளி கையில் குடையோடு நிற்கிறார். நான் தேய்த்த ஒரு தட்டு வில்லை, அத்தனையிலும் கழிவு என்று சிவப்புப் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு என் மேசையில் வைத்தார் உன் வீட்டுக்காரர். "அளவுமானியைப் பாருங்க மாப்பிள்ளை, அதுல கோளாறா இருக்கும்" என்றேன். "தங்கச்சியக் குடுத்திருக்கீங்கன்னு வில்லைக்கு மார்க் போட முடியுமா மச்சான்?" என்றார். பட்டறையே சிரித்தது. யார் யார் சிரித்தார்கள், யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று இப்போதும் சொல்வேன். அன்றைக்கு வேலையை விட்டவன், உன் வீட்டு வாசலையும் விட்டேன். இப்போது அவர் படுத்துவிட்டார் என்பதற்காக நான் நடந்து வந்தால், அந்தப் பெருக்கல் எல்லாம் சரி என்று ஆகிவிடும்.

கண்ணாடி வரும். நான் வர மாட்டேன்.

மருந்தை நேரத்துக்குக் கொடு. நீயும் கொஞ்சம் தூங்கு.

அண்ணன்


ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்களுக்கு மூச்சு வாங்குகிறது என்று கேட்டதிலிருந்து கவலையாக இருக்கிறது. மாடிப்படி ஏறி இறங்குவதைக் குறையுங்கள். இவருக்கு இப்போது வலது கையும் கனக்கிறதாம். பேச்சு குழறுகிறது, எனக்கு மட்டும் புரிகிறது.

சாக்பீஸ் கோட்டை மேலே வைத்துப் பார்த்தேன். கோணல் பாதி குறைந்திருக்கிறது. "அதே பக்கம் இன்னும் அழுத்தச் சொல்லு" என்கிறார்.

அண்ணா, இது எழுத்தில் அடங்குகிற வேலை இல்லை. நீங்கள் வந்து உங்கள் கண்ணால் பார்த்தால் அரை நிமிடத்தில் புரிந்துவிடும். இவரோடு பேசக் கூட வேண்டாம். பின்வாசல் வழியாக வாருங்கள், பிளேடுக்குப் பின்னால் உட்காருங்கள், போய்விடுங்கள்.

இதை வாசித்துக் காட்டியபோது இவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

தங்கை


மே 9

தங்கச்சிக்கு அண்ணன் சொல்லி எழுதுவது.

உடம்பு பரவாயில்லை. உன் கடிதத்தை வாசித்துவிட்டு இந்தப் பெண் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தாத்தா, அந்த அம்மா ஏதோ சொல்ல வர்றாங்க. சொல்ல முடியாம எழுதியிருக்காங்க."

"நீ எழுத வந்தியா, ஜோசியம் பாக்க வந்தியா?"

"ஒரு நடை போய்ட்டு வாங்களேன். பஸ்ஸுல நான் ஏத்தி விடுறேன்."

"நீ ஏத்தி விட்டா அங்க யாரு எறக்கி விடுவா, அந்தச் செக்கரா?"

அதற்கு அவள் சிரிக்கவில்லை. பஞ்சர் கடைக்காரன் சிரித்தான்.

பின்வாசலா? பெண் கொடுத்தவன் பின்வாசல் வழியாக வருவதா? நல்லா இருக்கு உன் நியாயம். அவர் வாயால் "வாங்க" என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் யோசித்திருப்பேன்.

சொன்ன பக்கம் இன்னும் அழுத்தியிருக்கிறேன். இதற்கு மேல் அந்தக் கண்ணாடியில் என்னால் ஆவதில்லை. மாப்பிள்ளையைக் காற்றோட்டமாகப் படுக்க வை.

அண்ணன்


மே 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். கண்ணாடி நேற்று வந்தது.

சாக்பீஸ் கோடு மேலே. பிளேடை நகர்த்தினேன். கண்ணாடி முழுக்க ஒரே நேரத்தில் சாம்பல் பூத்த மாதிரி மங்கியது. சாய்வு இல்லை. புள்ளி வட்டமாக இருந்தது. இவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். கட்டிலை விளக்குப் பெட்டி வரை நான் தள்ளிக்கொண்டு போனேன். பார்த்தார்.

"பாஸ்" என்றார்.

அவர் வார்த்தை அதுதான். குழாயில் மாட்டப் போகிறேன். குழாயில் ஸ்டாண்ட் கிடையாது, மூன்று தக்கை மேல் கண்ணாடி சும்மா உட்காரும். அதற்கு முன்னால் நீங்கள் வருவதாக இருந்தால் ஒரு வாரம் காத்திருக்கிறேன்.

தங்கை


மே 27

தங்கச்சிக்கு அண்ணன் சொல்லி எழுதுவது.

எனக்கு என்ன குறை! காது கூடக் கேட்கிற மாதிரி இருக்கிறது. அந்த ஒரு சொல்லை இந்தப் பெண் கத்திய கத்தலில் பஞ்சர் கடைக்காரன் டியூபைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வந்து என் கையைக் குலுக்கினான். கீழே அச்சகத்தில் எல்லோருக்கும் டீ சொன்னேன். அங்கே ஒருத்தருக்கும் ஒன்றும் புரியவில்லை, டீ மட்டும் குடித்தார்கள்.

பாஸ் என்று சொன்னபோது அவர் முகம் எப்படி இருந்தது? உடனே சொன்னாரா, இழுத்துச் சொன்னாரா? என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா? பேச்சு குழறுகிறது என்றாயே, சொல்லில் சந்தேகமில்லையே?

நிலாவைப் பார்த்தாரா? மேலே வெள்ளிப் பூச்சு இல்லாவிட்டால் பரவாயில்லை, நிலாவின் வெளிச்சத்துக்கு வெறும் கண்ணாடியே போதும். பார்த்துவிட்டு என்ன சொன்னார்? உடனே பதில் போடு.

இரண்டு பேரும் நன்றாக இருங்கள்.

அண்ணன்


ஜூன் 24

தங்கச்சிக்கு அண்ணன் சொல்லி எழுதுவது.

நலம்தானே? பதில் இல்லை. பார்சல் பிரிந்து எதுவும் உடைந்துவிடவில்லையே? நிலா வளர்ந்து தேய்ந்தும் போய்விட்டது. என்ன சொன்னார் என்று ஒரு வரி எழுதக் கூடவா நேரமில்லை?

அண்ணன்


ஜூலை 15

அண்ணாவுக்கு,

இவர் போய்விட்டார். ஜூன் பதினொன்று. அடக்கமெல்லாம் முடிந்துவிட்டது. உங்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை. அதற்கும் வர மாட்டேன் என்று ஒரு கடிதம் வந்திருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது.

யாருக்கும் வாசித்துக் காட்டாமல் நான் எழுதுகிற முதல் கடிதம் இது. அங்கே சத்தமாக வாசிப்பார்கள் என்று தெரியும். வாசிக்கட்டும்.

ஒரு சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே நிலா ஜன்னலுக்கு வந்துவிட்டது. தலையணை அடுக்கி இவரை நிமிர்த்தி உட்கார வைத்தேன். பார்த்தார். குமிழைத் திருகச் சொன்னார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம். ஒரு பக்கத்து விளிம்பு தெளிந்தால் அடுத்த பக்கம் கலங்கியது. நானும் கண்ணை வைத்துப் பார்த்தேன், பாலில் விழுந்த பஞ்சு மாதிரி இருந்தது.

"தெரியுதா?" என்று கேட்டேன், வேறு என்ன கேட்பது என்று தெரியாமல்.

என்னையே பார்த்தார். "அன்னிக்குக் கண்ணாடியத் திருப்பினியே. கோணலும் நெஜமாவே கூடத் திரும்புச்சா?"

"இல்ல" என்றேன்.

கண்ணாடி திரும்பியது அண்ணா, கோணல் நின்ற இடத்திலேயே நின்றது. அதற்குக் கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் உங்கள் கடிதத்தை வாசித்திருந்தேன். அரக்கு, வானம் இடிந்து விழுவது, எல்லாவற்றையும் என் வாயால் வாசித்தேன். இவர் கழுத்தைத் தூக்க முடியாமல் தூக்கி என் முதுகைப் பார்த்தபடி "திரும்புதா?" என்றார். கையும் காலும் போனவருக்கு மிச்சம் இருந்தது அந்தச் செக்கர் கண் ஒன்றுதான். அதுவும் போய்விட்டது என்று நான் எப்படிச் சொல்வேன்? "திரும்புது" என்றேன். அதற்கப்புறம் அதைத் திருத்தி எழுத வழியில்லை, எழுதுவதெல்லாம் அவர் காதில் விழுந்துதான் வெளியே போக வேண்டும்.

அதனால்தான் வரச் சொன்னேன். நீங்கள் வந்திருந்தால் பார்த்தவுடன் கத்தியிருப்பீர்கள், அவரும் பதிலுக்குக் கத்தியிருப்பார், அந்தச் சண்டையிலேயே திருகைத் தளர்த்தியிருப்பீர்கள். உங்களோடு சண்டை என்றால் அவர் தாங்குவார். நான் சொல்லியிருந்தால் தாங்கியிருக்க மாட்டார். மூன்று தடவை கூப்பிட்டேன்.

நிலா பார்த்த அன்று என்னை அவர் திட்டவில்லை. அரக்கை உடைத்துத் திருகைத் தளர்த்தச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து ஸ்டாண்டில் சும்மா சாய்த்து வைத்தேன். நிழல் இடது பக்கம் சாய்ந்தது. "ஸ்டாண்டு கடிச்சிருக்கு, திருகு நெருக்கிக் கண்ணாடிய வளைச்சிருக்கு. கடிச்ச கோணலுக்கு ஏத்த மாதிரி அவர் தேய்ச்சுட்டாரு. அதனாலதான் இதுல நேராத் தெரிஞ்சுது" என்றார். அப்புறம், "முதல்ல வந்ததே பாஸ். உங்க அண்ணனுக்கு எழுதிடு" என்றார்.

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நிலாவைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை


ஆகஸ்ட் 30

தங்கச்சிக்கு அண்ணன் சொல்லி எழுதுவது.

எழுத்து வேறு மாதிரி இருக்கும். ஜெராக்ஸ் கடைப் பெண் உன் கடிதத்தை இந்தத் தடவை கத்தாமல் என் காதோடு வாசித்தாள். நான் பதில் சொல்லத் தொடங்கியதும், "இத நான் எழுத மாட்டேன் தாத்தா, வேற ஆளப் பாருங்க" என்று பேனாவை மூடிவிட்டாள். இது அச்சகத்துப் பையன் எழுதுவது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

மாப்பிள்ளை போனதற்கு என்ன சொல்வது. நீ தனியாக இருக்கிறாய். சாப்பிடாமல் கிடக்காதே.

முதலில் வந்ததே பாஸ் என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். இத்தனை வருஷம் அந்த மனுஷன் வாயிலிருந்து எதைக் கேட்க வேண்டும் என்று காத்திருந்தேனோ, அதுதான் அது. மே மாதம் அந்த வார்த்தையை நீ எழுதியபோது தெருவுக்கே சொன்னேன். இப்போது ஒருவருக்கும் சொல்லவில்லை. அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஏனென்றால், கூடவே திரும்புகிறது என்று எழுதியதும் நீதான். இதே கையெழுத்து, இதே மாதிரி ஒரு சின்ன வரி. அவர் மனசு நோகக் கூடாது என்று அன்றைக்கு ஒன்று சொன்னாய். இன்றைக்கு அண்ணன் மனசு நோகக் கூடாது என்று இதைச் சொல்கிறாயோ? அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார், அதை நம்புகிறேன். அதற்கு முன்னால் அவர் என்ன சொன்னார் என்பதைக் கேட்டது நீ ஒருத்திதான்.

ஸ்டாண்டில் குற்றம் இருந்தது, சரி. அதனால் என் கண்ணாடியில் குற்றமே இல்லை என்று ஆகுமா? ஸ்டாண்ட் கடித்தது பாதி, என் கை கோணல் பாதியாகவும் இருக்கலாம். திருகைத் தளர்த்திவிட்டு அந்த முதல் கண்ணாடியை வைத்துப் பார்த்தால் தெரியும். அது இப்போது எங்கே இருக்கிறது? நீ சொன்ன பக்கம் பார்த்து அழுத்தி அழுத்தி, அதை நான்தான் இல்லாமல் ஆக்கினேன்.

வந்திருக்க வேண்டும் என்கிறாய். பையனை இந்த இடத்தில் ஒரு வரி காலியாக விடச் சொன்னேன்.

அவர் நிஜமாகவே அப்படிச் சொன்னாரா? சொன்னார் என்று மறுபடி எழுதுவாய். சத்தியம் பண்ணியும் எழுதுவாய். அதை எந்த விளக்கில் வைத்து நான் பார்ப்பது?

அண்ணன்